நிலக்கரியில் கந்தகம்: அமிலமா, எரிப்புக் கருவியா, வெப்பப் பகுப்பாய்வா?

"சார், ஒரு டிஜி எடுத்தா போதும்லா?"

புராஜெக்ட் காலம் வந்தால் பாளையங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி இது. டிஜி என்பது மாதிரியைச் சூடாக்கிக்கொண்டே அதன் எடை எப்படி மாறுகிறது என்று பார்ப்பது, வெப்பப் பகுப்பாய்வில் ஒரு வகை. தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கிய கரி கையில் கொஞ்சம் இருக்கும். அதிலுள்ள கந்தகக் கனிமங்களைப் பற்றி எழுத வேண்டியிருக்கும். ஆலை ஆய்வகத்தில் இருப்பவர்கள் இதையே வேறு மாதிரி கேட்கிறார்கள்: "சப்ளையர் ரிப்போர்ட்டில் கந்தகம் 0.6 என்று போட்டிருக்கிறது. எங்களுக்கு 0.5 தான் வருகிறது. வெளியே கொடுத்து வெப்பப் பகுப்பாய்வு செய்து பார்த்துவிடலாமா?"

இரண்டு தரப்புக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் பதிலைத் தேடத் தொடங்குகிற இடம் ஒன்றுதான். கந்தகம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமா, எந்த வடிவில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமா, சூடாக்கினால் எப்போது வெளியே வரும் என்று தெரிய வேண்டுமா? மூன்றும் வேறு வேறு கேள்விகள். வெப்பப் பகுப்பாய்வு நேராகப் பதில் சொல்வது மூன்றாவதற்கு மட்டும். முதல் கேள்வியை வைத்துக்கொண்டு டிஜி கருவியைத் தேடி அலைபவர்கள்தான் அதிகம்.

## முதலில், கரிக்குள் கந்தகம் எங்கே இருக்கிறது?

கோவில்பட்டி, சிவகாசிப் பக்கம் கந்தகம் என்றால் மஞ்சள் பொடிதான் நினைவுக்கு வரும். கரியில் அப்படித் தனியாகக் கந்தகம் கிடப்பது அபூர்வம். மூன்று வடிவில் இருக்கும். முதலாவது, பைரைட்டும் அதன் உடன்பிறப்பான மார்கசைட்டும். இரண்டும் இரும்பு டைசல்ஃபைடுதான், படிக அமைப்பு மட்டும் வேறு. இரண்டாவது, ஜிப்சம், இரும்பு சல்பேட்டுகள் போன்ற சல்பேட்டுகள். மூன்றாவது கரிமக் கந்தகம். இது கனிமமே இல்லை, கரியின் மூலக்கூறுகளோடு பிணைந்து கிடப்பது.

பைரைட் அதிகமுள்ள கரிக்கட்டி ஒன்றை உடைத்து வெயிலில் திருப்பிப் பார்த்தால் வெடிப்புகளில் பித்தளை நிறத்தில் மெல்லிய தகடு மினுங்கும். அதே கட்டியை ஒரு ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வெளியே போட்டுவிட்டு எடுத்தால் மினுக்கம் மங்கி, மேலே வெள்ளையும் வெளிர்மஞ்சளுமாகப் பூத்திருக்கும். அது இரும்பு சல்பேட். பைரைட் ஈரக் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து மாறியது. புதிதாக வெட்டிய கரியில் சல்பேட் கந்தகம் மிகக் குறைவாகவே இருக்கும். அது கூடுதலாக வந்தால், கரி பழையது, காற்றிலும் மழையிலும் கிடந்தது என்று சந்தேகப்படலாம்.

கரி எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து பாரதீப் வழியாகக் கப்பலில் வருகிற கோண்டுவானாக் கரியில் மொத்தக் கந்தகம் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழே. அசாம், மேகாலயாக் கரியில் பல சதவீதம் இருக்கும், ஆனால் அதில் பெரும்பங்கு கரிமக் கந்தகம். எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரியான பெட்கோக்கைச் சிமெண்ட் ஆலைகள் எரிக்கின்றன, அதில் கந்தகம் ஏராளம், கிட்டத்தட்ட எல்லாமே கரிமம். பெட்கோக்கில் பைரைட் தேடி டிஜி எடுத்தால் காசுதான் போகும்.

## எதை வைத்து எடைபோடுவது?

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன். மேலே சொன்ன மூன்று கேள்விகளில் எதற்குப் பதில் வருகிறது? எவ்வளவு மாதிரி எடுத்துக்கொள்கிறது? கரியில் உள்ள மற்றவை எந்த அளவுக்குக் குழப்பும்? கட்டணச் சீட்டில் வராத செலவு என்ன? கடைசியாக, எதிர்த்தரப்பு அந்த முடிவை ஏற்றுக்கொள்ளுமா?

இவற்றில் மாதிரி அளவைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆய்வகக் கரித்தூள் வழக்கமாக 212 மைக்ரான் சல்லடையில் சலித்தது. அதில் 200 மைக்ரான் குறுக்களவுள்ள ஒரே ஒரு பைரைட் குருணை தப்பி வரலாம். பைரைட்டின் அடர்த்தி 5, ஆகவே அந்தக் குருணையின் எடை சுமார் 21 மைக்ரோகிராம். பைரைட்டில் 53.4 சதவீதம் கந்தகம். டிஜி கருவியின் கிண்ணத்தில் 10 மில்லிகிராம் கரி போடுகிறோம் என்றால், அந்த ஒற்றைக் குருணை விழுந்ததா விழவில்லையா என்பதிலேயே கந்தக அளவு 0.11 சதவீதம் மாறும். அதே குருணை எரிப்புக் கருவியின் 300 மில்லிகிராம் மாதிரியில் விழுந்தால் மாற்றம் 0.004 சதவீதம்கூட இல்லை. ஒரு கப்பல் கரிக்காக 10 மில்லிகிராம் பேசப் போகிறது என்றால், அது எவ்வளவு நியாயமாகப் பேசும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

| வழி | எதற்குப் பதில் | மாதிரி | பிடிக்கும் நேரம் | சறுக்கும் இடம் |
|---|---|---|---|---|
| எஷ்கா முறை | எவ்வளவு | 1 கிராம் | ஒரு நாள் | கைப்பழக்கம், வடிகட்டல் |
| உயர்வெப்ப எரிப்பு, அகச்சிவப்பு | எவ்வளவு | சுமார் 300 மில்லிகிராம் | சில நிமிடம் | அளவுத்திருத்தம் |
| அமிலப் பகுப்பு | எந்த வடிவில் | சில கிராம் | ஒன்றிரண்டு நாள் | நுண்ணிய பைரைட் |
| டிஜி, டிஎஸ்சி (சூடாகும்போது மாதிரி வெப்பத்தை உமிழ்வதையும் உறிஞ்சுவதையும் அளப்பது) மட்டும் | எப்போது | 10 முதல் 20 மில்லிகிராம் | இரண்டு மூன்று மணி | ஆவியாகும் பொருள் மறைத்துவிடும் |
| டிஜி, கூடவே வாயுப் பகுப்பாய்வு | எப்போது, ஓரளவு எந்த வடிவில் | அதே அளவு | முன்தயாரிப்போடு சில நாள் | கருவி கிடைப்பது |

## எஷ்கா முறை

பழைய முறைதான், ஆனால் இன்றும் வாதத்தில் நிற்கும். 1 கிராம் கரியை, இரண்டு பங்கு மக்னீசியம் ஆக்சைடும் ஒரு பங்கு சோடியம் கார்பனேட்டும் சேர்ந்த எஷ்கா கலவையோடு கலந்து, மஃபிள் ஃபர்னஸில் 800 டிகிரியில் வைப்பார்கள். கந்தகம் முழுக்க சல்பேட்டாகிவிடும். அப்புறம் கரைத்து, பேரியம் குளோரைடு விட்டு, வெள்ளையாகப் படிவதை வடிகட்டி எடைபோட வேண்டும். படிந்த பேரியம் சல்பேட்டின் எடையை 0.1374 ஆல் பெருக்கினால் கந்தகம்.

0.5 சதவீதக் கரியில் கையில் கிடைக்கும் படிவு சுமார் 36 மில்லிகிராம். எடையில் 1 மில்லிகிராம் தவறினால்கூட முடிவில் 0.014 சதவீதம்தான் பிசகும். நல்ல தராசும் பொறுமையான ஆளும் இருந்தால் போதும், பெரிய கருவி வேண்டாம். மறைமுகச் செலவு என்பது அந்த ஆளின் ஒரு நாள். இந்தியத் தர நிர்ணயத்தில் நிலக்கரிக் கந்தகத்துக்கானது ஐஎஸ் 1350 மூன்றாம் பகுதி. அதைக் காட்டினால் யாரும் மறுப்பு சொல்ல மாட்டார்கள்.

## உயர்வெப்ப எரிப்பு

1350 டிகிரி சூட்டில், ஆக்சிஜன் ஓட்டத்தில் கரியை எரித்து, வெளிவரும் கந்தக டைஆக்சைடை அகச்சிவப்புக் கதிரால் அளப்பது. தினமும் லாரி லாரியாகக் கரி இறங்கும் இடத்துக்கு இதுதான் பொருத்தம். அனல்மின் நிலையம், சிமெண்ட் ஆலை, துறைமுகத்தில் இருக்கும் பரிசோதனை நிறுவனங்கள் எல்லாம் இந்த வகை. ஆக்சிஜன் சிலிண்டர், பீங்கான் படகுகள், உலைக் குழாய், அளவுத்திருத்தத்துக்கான சான்றளித்த கரி என்று செலவு தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும்.

இங்கேயே அந்த 0.6க்கும் 0.5க்கும் இடையிலான சண்டையைத் தீர்த்துவிடலாம். கருவியைக் குறை சொல்லும் முன் எந்த அடிப்படையில், அதாவது எவ்வளவு ஈரத்தோடு இருக்கும் கரிக்கு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காற்றில் உலர்த்திய அடிப்படையில் 0.6 என்றும், அப்போது ஈரம் 15 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். இறங்கிய நிலையில் மொத்த ஈரம் 30 சதவீதம் என்றால், இறங்கிய அடிப்படையில் அதே கந்தகம் 0.6 பெருக்கல் 70, வகுத்தல் 85, அதாவது 0.49. இரண்டு ரிப்போர்ட்டும் சரிதான். ஈரம் கூடுதலான இந்தோனேசியக் கரியில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். வெப்பப் பகுப்பாய்வுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

## அமிலத்தில் பிரித்தெடுப்பது

வடிவம் தெரிய வேண்டும் என்றால் இதுதான் அடித்தளம். ஏஎஸ்டிஎம் டி 2492, ஐஎஸ்ஓ 157 என்ற தர முறைகள் இரண்டும் இதே வழியில் போகின்றன. முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அரை மணி கொதிக்க வைத்தால் சல்பேட் கரைந்து வரும், பைரைட் அசையாது. மிச்சத்தை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் போட்டால் பைரைட் கரையும். அந்தக் கரைசலில் கந்தகத்தை அளக்காமல் இரும்பை அளக்கிறார்கள். நைட்ரிக் அமிலம் கரிமக் கந்தகத்தையும் கொஞ்சம் இழுத்து வந்துவிடும் என்பதுதான் காரணம். இரும்பின் அளவை 1.148 ஆல் பெருக்கினால் பைரைட் கந்தகம். மொத்தத்திலிருந்து இரண்டையும் கழித்தால் கரிமக் கந்தகம்.

கரிமக் கந்தகத்தை யாரும் நேராக அளக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மற்ற மூன்று அளவீடுகளின் பிழையெல்லாம் வந்து சேரும் இடம் அது. சில மைக்ரான் அளவில் கரிக்குள் அடைபட்டுக் கிடக்கும் பைரைட்டை அமிலம் தொடாமல் போனால், அதுவும் கரிமக் கணக்கில் ஏறிவிடும். துத்தநாக சல்ஃபைடு போன்றவை முதல் அமிலத்திலேயே ஹைட்ரஜன் சல்ஃபைடாகப் பறந்துபோய், கடைசியில் அதே கணக்கில்தான் வந்து நிற்கும்.

செலவு குறைவு, கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். புகைக்கூண்டு ஒழுங்காக வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

## வெப்பப் பகுப்பாய்வு

இதில்தான் எதிர்பார்ப்பும் அதிகம், ஏமாற்றமும் அதிகம்.

தனிப் பைரைட்டை டிஜியில் போட்டால் பாடப் புத்தகம் போல அழகாக வரும். நைட்ரஜனில் 500 டிகிரியைத் தாண்டியதும் கந்தகத்தில் ஒரு பாதியை ஆவியாக விட்டுவிட்டு பைரோடைட்டாக மாறத் தொடங்கும். இரும்பு சல்ஃபைடு வரை போனால் எடை இழப்பு 26.7 சதவீதம். காற்றில் கதை வேறு. 400 முதல் 500 டிகிரிக்குள் கூர்மையான வெப்ப உமிழ்வோடு எரிந்து, கடைசியில் இரும்பு ஆக்சைடு மிஞ்சும், இழப்பு 33.4 சதவீதம். நடுவே கொஞ்சம் இரும்பு சல்பேட் உண்டாகி எடை ஏறவும் கூடும், பிறகு இன்னும் மேலே போய் அது சிதையும். ஜிப்சம் 200 டிகிரிக்குள் நீரை இழந்து 20.9 சதவீதம் குறையும். நீர் போன கால்சியம் சல்பேட் காற்றில் 1200 டிகிரி வரை பெரும்பாலும் கலங்காமல் நிற்கும். ஆனால் பக்கத்தில் கார்பன் இருந்தால் அதற்கு வெகு முன்பே கால்சியம் சல்ஃபைடாக ஒடுங்கிவிடும்.

இப்போது இதைக் கரிக்குள் வைத்துப் பார்ப்போம். பைரைட் கந்தகம் 0.5 சதவீதம் உள்ள கரியில் பைரைட் சுமார் 0.94 சதவீதம். 10 மில்லிகிராம் கரியில் அது 0.094 மில்லிகிராம். நைட்ரஜனில் அதன் எடை இழப்பு 25 மைக்ரோகிராம். அதே 350 முதல் 600 டிகிரி இடைவெளியில் கரியின் ஆவியாகும் பொருளும் வெளியேறுகிறது. அது 40 சதவீதம் என்றால் 4000 மைக்ரோகிராம். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒரு ஆளின் செருப்புச் சத்தத்தைக் கேட்கிற மாதிரிதான் இது. வளைவில் ஒரு சின்ன மேட்டைக் காட்டி "இது பைரைட்" என்று எழுதிய புராஜெக்ட் அறிக்கைகளைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

இதைத் தாண்ட இரண்டு வழி உண்டு.

ஒன்று, கரியை விலக்கிவிட்டுக் கனிமத்தை மட்டும் எடுப்பது. ஆக்சிஜன் பிளாஸ்மாவில் சுமார் 150 டிகிரியில் மெதுவாகக் கரியைச் சாம்பலாக்கினால் கனிமங்கள் பெரும்பாலும் சிதையாமல் மிஞ்சும். கனிமம் 8 சதவீதம் என்றால், மேலே சொன்ன கரியின் சாம்பலில் பைரைட் 12 சதவீதத்துக்குக் கிட்ட வந்துவிடும். இனி டிஜி பேசும். ஆனால் அங்கே வேறு ஒருவர் குறுக்கே வருவார்: கேயோலினைட் களிமண். 450 முதல் 600 டிகிரிக்குள் அது 14 சதவீதம் வரை நீரை இழக்கும். நைட்ரஜனில் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஆகவே சாம்பலைக் காற்றிலும் ஒரு முறை ஓட்ட வேண்டும். காற்றில் பைரைட்டின் வெப்ப உமிழ்வு முன்னால் வந்துவிடும், களிமண்ணின் வெப்ப உறிஞ்சல் பின்னால் வரும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. இந்தோனேசியக் கரி, நெய்வேலிப் பழுப்புநிலக்கரி போன்ற இளங்கரிகளில் கால்சியம் கரிமப் பொருளோடு பிணைந்திருக்கும். பிளாஸ்மாவில் சாம்பலாக்கும்போது அது கரிமக் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு பேசனைட் என்ற கால்சியம் சல்பேட்டாகிவிடும். பிறகு டிஜியில் 200 டிகிரிக்குள் நீர் இழப்பு தெரியும், "கரியில் ஜிப்சம் இருக்கிறது" என்று எழுதிவிடுவோம். அமிலப் பகுப்பில் சல்பேட் எவ்வளவு வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்த வரியை எழுதக் கூடாது.

இரண்டாவது வழி, எடையை விட்டுவிட்டு வாயுவைப் பார்ப்பது. டிஜியோடு நிறை நிறமாலைமானியை இணைத்தால், கந்தக டைஆக்சைடுக்கு நிறை 64, ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு 34 என்று தனித்தனியாகப் பின்தொடரலாம். 4000 மைக்ரோகிராம் கூட்டத்துக்குள்ளும் கந்தகம் தனியாகத் தெரியும். ஆக்சிஜனில் மெதுவாகச் சூடாக்கினால் கரிமக் கந்தகத்தில் ஒரு பகுதி முன்னதாகவும் பைரைட் அதன் பின்னும் கந்தக டைஆக்சைடு விடும் என்பதை வைத்து வடிவங்களைப் பிரிக்கும் முறைகளும் உண்டு. இருந்தாலும் வாயுவின் அளவை அப்படியே பைரைட்டின் அளவாக எடுத்துக்கொள்ள முடியாது. பைரைட் விட்ட கந்தகத்தைக் கரியின் ஹைட்ரஜன் பிடிக்கும், மிச்சக் கரி கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும், கால்சைட் இருந்தால் அதுவும் பிடிக்கும்.

மார்கசைட்டையும் பைரைட்டையும் பிரிக்க டிஜியை நம்ப வேண்டாம். சூடாகும் வழியிலேயே மார்கசைட் பைரைட்டாக மாறிவிடும். அதற்கு எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலோ நுண்ணோக்கியோ போக வேண்டும்.

மறைமுகச் செலவுக்கு வருவோம். கந்தகமும் இரும்பும் சேர்ந்து பிளாட்டினக் கிண்ணத்தைக் கெடுக்கும், அதனால் அலுமினாக் கிண்ணம் கேளுங்கள். கந்தக ஆவி குளிர்ந்த இடத்தில் படியும், வாயுக் குழாய் போதிய சூட்டில் இல்லாவிட்டால் அடுத்த நாள் வேறு ஒருவரின் மாதிரியிலும் உங்கள் கந்தகம் வரும். பல கருவி மையங்களில் கந்தக மாதிரி என்றாலே முகம் சுளிப்பது இதனால்தான், அதில் தப்பும் இல்லை. நைட்ரஜனில் சிறிது ஆக்சிஜன் கசிந்தாலும் வெப்ப உமிழ்வு ஒன்று முளைக்கும், அதைக் கனிமத்தின் தலையில் கட்டிவிடுவோம். நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில் 1000 டிகிரி போக ஒன்றரை மணிக்கு மேல் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் அந்த ஓட்டம் வீண்.

## யாருக்கு எது?

கரி வாங்குபவர், விற்பவர்: எரிப்புக் கருவி. தகராறு வந்தால் எஷ்கா. வெப்பப் பகுப்பாய்வு முடிவைக் காட்டி யாரிடமும் விலை குறைக்க முடியாது.

கரி கழுவிச் சுத்தம் செய்ய நினைப்பவர்: அமிலப் பகுப்பு. பைரைட்டின் அடர்த்தி 5, கரிக்கு 1.3 அளவில்தான். ஆகவே தனித்துக் கிடக்கும் பைரைட் கழுவலில் போகும், கரிமக் கந்தகம் போகாது. எந்தப் பங்கு எவ்வளவு என்று தெரியாமல் கழுவத் தொடங்குவது வீண் வேலை.

செங்கல் சூளை, சுண்ணாம்புக் காளவாசல்: மொத்தக் கந்தகம் போதும். சூளையில் எல்லாம் எரியத்தான் போகிறது. சுண்ணாம்பு போடுபவருக்கு மட்டும், கரியின் கந்தகம் சுண்ணாம்பிலேயே சல்பேட்டாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் கந்தகம் குறைந்த கரி லாபம்.

சிமெண்ட் ஆலை: இங்கே ஒரு சுவாரசியமான திருப்பம். தாழையூத்தில் 1949 முதல் சிமெண்ட் உற்பத்தி நடக்கிற ஊர்ப்பக்கம் இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். உலையின் முதன்மைச் சுடரில் எரியும் கரியின் கந்தகத்தைச் சுண்ணாம்பும் காரங்களும் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். புகைபோக்கியில் கந்தக டைஆக்சைடு ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கச்சாக் கலவையிலுள்ள பைரைட்டை. சுண்ணாம்புக்கல்லிலோ களிமண்ணிலோ பைரைட் இருந்தால், முன்சூடேற்றியின் மேல் அடுக்குகளிலேயே 300 முதல் 600 டிகிரிக்குள் எரிந்துவிடும். அந்த இடத்தில் அதைப் பிடிக்கச் சுட்ட சுண்ணாம்பு போதாது. "எந்தச் சூட்டில் வெளியே வருகிறது" என்பதுதான் இங்கே முழுக் கேள்வியும். கச்சாக் கலவையில் கரியின் ஆவியாகும் பொருள் இல்லை, மறைக்க ஆள் இல்லை. டிஜியும் நிறை நிறமாலைமானியும் சேர்ந்து செலவழிக்கும் காசுக்கு உண்மையிலேயே பதில் தரும் இடம் இதுதான்.

கரிக்கிடங்கில் தானாகச் சூடேறுகிறதா என்று பார்ப்பவர்: டிஎஸ்சி, கூடவே கடப்புப்புள்ளி வெப்பநிலைச் சோதனை (கரியின் சூடு உலையின் சூட்டைத் தாண்டும் புள்ளியைப் பார்ப்பது). பைரைட் ஈரத்தோடு சேர்ந்து சூட்டைக் கூட்டும்தான், ஆனால் பழியை முழுக்க அதன் மேல் போடக் கூடாது. இளங்கரி தன் பாட்டுக்கே ஆக்சிஜனை உறிஞ்சிச் சூடேறும்.

புராஜெக்ட் மாணவர்: மொத்தக் கந்தகமும் அமிலப் பகுப்பும் கட்டாயம். அது கையில் இருந்தால் டிஜி எடுங்கள், பச்சைக் கரியில் இல்லாமல் பிரித்தெடுத்த கனிமத்தில். பிளாஸ்மா கிடைக்காவிட்டால், புரோமோஃபார்ம் போன்ற கனத்த திரவத்தில் மூழ்கவிட்டுக் கீழே தங்கும் பகுதியை எடுக்கலாம். புரோமோஃபார்ம் நச்சு, புகைக்கூண்டுக்கு வெளியே திறக்க வேண்டாம். அந்தப் பகுதியைக் காற்றில் ஒரு ஓட்டம், நைட்ரஜனில் ஒரு ஓட்டம், தூய பைரைட்டையும் அதே வேகத்தில், அதே கிண்ணத்தில் ஒரு ஓட்டம். தூய பைரைட்டில் 26.7, 33.4க்குப் பக்கத்தில் எண் வராவிட்டால் கரியைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிட்டு வாயுக் கசிவைத் தேடுங்கள்.

## மாதிரியை அனுப்பும் முன்

எந்த வழியைத் தேர்ந்தாலும் கரியை அரைத்த பிறகு நாட்களை எண்ண வேண்டும். தூள் பைரைட்டுக்குத் தூத்துக்குடிக் கடற்காற்று ஆகாது. சில வாரம் பையில் கிடந்தாலே பைரைட் கந்தகம் குறைந்து சல்பேட் ஏறத் தொடங்கும். மொத்தம் மாறாது, வடிவம் மாறிவிடும். அதனால் கட்டியாகவே வைத்திருந்து, சோதனை நாள் உறுதியானதும் அரைத்து, வாய்வரை நிரப்பிய கண்ணாடிக் குப்பியில் இறுக்கி மூடி அனுப்புங்கள். 105 டிகிரி அடுப்பில் இரவு முழுக்க உலர்த்த வேண்டாம்.

ஆய்வகத்திடம் கேட்க வேண்டியவை: கிண்ணம் என்ன, வாயு என்ன, ஓட்ட வேகம் என்ன, கருவியைச் சரிபார்க்க உதவும் கால்சியம் ஆக்ஸலேட் உப்பைக் கடைசியாக எப்போது ஓட்டினார்கள். அந்த உப்பு 12.3, 19.2, 30.1 சதவீதம் என்று மூன்று படியில் இறங்க வேண்டும். அந்த வளைவையும் உங்கள் முடிவோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். எண்களை மட்டும் வாங்காமல் மூலத் தரவுக் கோப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள். படமாக மட்டும் தந்தால், எடை மாறும் வேகத்தைக் காட்டும் வகைக்கெழு வளைவை நீங்கள் மறுபடி போட்டுப் பார்க்க முடியாது.